தொடக்ககால அமெரிக்க வீடுகளில் செல்வம் என்பது துணியாகவே இருந்தது

தொடக்ககால அமெரிக்க வீடுகளில் என்னென்ன தட்டுமுட்டுச் சாமான்கள் இருந்தன, அவற்றில் எவை வீட்டிலேயே செய்யப்பட்டவை, எவை விலை கொடுத்து வாங்கப்பட்டவை என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ 1630 முதல் 1820 வரையிலான காலத்தை, அதாவது அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் குடியேற்றங்கள் வேரூன்றியதிலிருந்து அமெரிக்கப் பஞ்சாலைகள் தலையெடுத்தது வரையிலான காலத்தை, எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அந்தக் காலத்து வீடு என்றதும் பலர் மனத்தில் எழும் சித்திரம் ஒன்று உண்டு: மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடில், குடும்பத் தலைவர் தம் கையால் இழைத்த மேசையும் நாற்காலியும், மூலையில் ஒரு ராட்டை, மனைவி நூற்று நெய்த முரட்டுத் துணி. இந்தச் சித்திரத்தின் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழமையைப் போற்றியவர்கள் தீட்டியது. அன்றைய ஆவணங்கள் சொல்வது வேறு. வீட்டின் செல்வம் மரத்தைவிடத் துணியிலேயே அதிகம் இருந்தது. அந்தத் துணியில் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. அதற்கான விலை பெரும்பாலும் கடனாகவே நின்றது.

இதை நாம் அறிவதற்கு முதன்மையான சான்று, ஒருவர் இறந்த பின் நீதிமன்ற ஆணையின்படி எழுதப்பட்ட சொத்துப் பட்டியல். இறந்தவரின் கடன்களைத் தீர்க்கவும் வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கவும் அது தேவைப்பட்டது. அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள இரண்டு மூன்று பேர் வீட்டுக்குள் வந்து, அறை அறையாக நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு பொருளையும் எழுதி, அதற்கு எதிரே பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கில் விலை போட்டார்கள். அடுப்படியில் தொங்கிய இரும்புச் சட்டி, விளிம்பு உடைந்த தட்டு, பழைய மேலங்கி, தொழுவத்துப் பசு எல்லாம் ஒரே வரிசையில் வரும். இத்தகைய பட்டியல்கள் மாசசூசெட்ஸ், கனெக்டிகட், மேரிலாந்து, வர்ஜீனியா முதலிய இடங்களின் ஆவணக் காப்பகங்களில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. ஆனால் இவற்றை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மிக ஏழைகளுக்குப் பட்டியல் எழுதப்படுவது குறைவு. கணவன் உயிரோடிருக்கும் மனைவிக்குச் சட்டப்படி தனிச் சொத்து இல்லாததால் அவளுக்கென்று பட்டியலே இருக்காது. இறப்பதற்கு முன்பே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்ட பொருள்களும் விலை பெறாத அற்பப் பொருள்களும் விடுபட்டுப்போகும். ஆகவே கடைக்காரர்களின் பேரேடுகள், லண்டனுக்கு எழுதிய கடிதங்கள், உயில்கள், ஓடிப்போன பணியாளர்களைத் தேடிப் பத்திரிகைகளில் வெளியான விளம்பரங்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. ஓடிப்போனவர் உடுத்தியிருந்த மேல்சட்டையின் நிறம், பொத்தான், ஒட்டுப்போட்ட இடம் வரை அந்த விளம்பரங்கள் விவரிப்பதால், எளிய மனிதர்களின் உடையைப் பற்றி அவற்றைவிட நெருக்கமாகச் சொல்லும் சான்று அரிது.

பட்டியல்களில் பெரும்பாலும் மிக உயர்ந்த விலை பெற்ற வீட்டுச் சாமான் படுக்கைதான். மரச்சட்டம் அதில் மலிவான பகுதி. சட்டத்தின் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு பின்னி, அது தொய்ந்துபோகும்போது முறுக்கி இறுக்குவதற்கென ஒரு மரச்சாவியும் வைத்திருப்பார்கள். அந்தக் கயிற்றின்மேல் வைக்கோல் அடைத்த மெத்தை, அதன்மேல் இறகு அடைத்த மெத்தை, நீள் தலையணை, சிறு தலையணைகள், விரிப்புகள், கம்பளிப் போர்வைகள், மேல்விரிப்பு, வசதியிருந்தால் நான்கு பக்கமும் திரைச்சீலை, மேற்கட்டியைச் சுற்றித் தொங்கல் என்று அடுக்கிக்கொண்டே போகும். ஓர் இறகு மெத்தைக்கே பல பவுண்டு எடையுள்ள இறகு தேவைப்பட்டது. திரைச்சீலைகளுக்கோ பல பத்துக் கஜம் துணி. பதினேழாம் நூற்றாண்டுப் பட்டியல்கள் பலவற்றில் முழுமையாக அமைந்த ஒரு படுக்கையின் விலை ஒரு பசுவின் விலையைத் தாண்டுகிறது. அதே பட்டியலில் ஒரு நாற்காலிக்கு ஓரிரு ஷில்லிங் மட்டுமே இருக்கும். அதனால்தான் வீட்டுக்காரரும் மனைவியும் படுக்கும் கட்டில் வீட்டின் சிறந்த அறையில், வருகிறவர்கள் காணும்படி நின்றது. பிள்ளைகள் பகலில் பெரிய கட்டிலின் அடியில் தள்ளி வைக்கப்படும் தாழ்ந்த கட்டிலில் படுத்தார்கள். வேலையாட்களும் ஏழைகளும் தரையில் வைக்கோல் மெத்தையிலோ சோளத்தோகை அடைத்த மெத்தையிலோ படுத்தார்கள். உயில்களில் இன்ன படுக்கை இன்ன மகளுக்கு என்று தனித்தனியே எழுதி வைத்ததற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. அது கையிருப்புச் சொத்தைப் பிரித்துக் கொடுப்பதாகவும் இருந்தது.

அமர்வதற்கான சாமான்களைப் பற்றி அவ்வளவு விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பல வீடுகளில் கைவைத்த நாற்காலி ஒன்றோ இரண்டோதான். அது குடும்பத் தலைவருக்கு உரியது. மற்றவர்கள் முக்காலி, நீள் பலகை, மரப்பெட்டி ஆகியவற்றின் மேல் உட்கார்ந்தார்கள், அல்லது நின்றபடியே சாப்பிட்டார்கள். முள்கரண்டி மிக அரிது. மரத்தட்டு, வெள்ளீயக் கலவையில் வார்த்த கரண்டி, பலர் கைமாற்றிக் குடிக்கும் ஒரே கிண்ணம் ஆகியவற்றோடு சாப்பாடு முடிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில்தான் ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு நாற்காலி, தேநீருக்கென்று தனி மேசை என்ற பழக்கம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் பரவியது. இந்த மாற்றத்தை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. ஒரே கிண்ணத்தைப் பகிர்ந்தவர்கள் தனித்தனிக் கோப்பைக்கு மாறியதில் வீட்டுக்குள் ஒவ்வொருவருக்கும் தனி இடம் உண்டு என்ற எண்ணமும் வளர்ந்திருக்கிறது.

மரச்சாமான்களில் மிக உயர்ந்தவையாகக் கருதப்பட்ட பேழைகளும் அலமாரிகளும்கூடத் துணியைக் காப்பதற்காகவே பிறந்தவை. மாசசூசெட்ஸின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஹாட்லி என்ற ஊரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்த தச்சர்கள் 1680 முதல் ஏறத்தாழ 1730 வரை செய்த பேழைகளில் பெண்களின் பெயரெழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் தனித்து நிற்பது, இன்று மிச்சிகனில் டியர்பார்ன் நகரத்து ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓர் அலமாரி. அதன் முன்புறம் முழுவதும் கொடிகளும் இதய வடிவங்களும் தீட்டி, நடுவே ஹன்னா பர்னார்டு என்று ஒரு பெண்ணின் முழுப்பெயரையும் பெரிய எழுத்துகளில் எழுதியிருக்கிறார்கள். ஹன்னா 1715இல் திருமணம் செய்துகொண்டார்; ஒரு பெண் குழந்தையைப் பெற்றபின் சில காலத்திலேயே இறந்துபோனார். திருமணமானதும் ஒரு பெண்ணின் அசையும் பொருள்கள் கணவனுடையவை என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். அவளது குடும்பப் பெயரும் அன்றோடு மறைந்துவிடும். இந்த அலமாரியோ அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரைச் சுமந்துகொண்டு மகள் அபிகெயிலின் வழியில் இறங்கியது; அபிகெயில் தன் மகளுக்கு ஹன்னா பர்னார்டு என்றே பெயரிட்டார். நிலம் மகன்களுக்கு, அசையும் பொருள் மகள்களுக்கு என்ற பங்கீட்டில் பெண்களின் கைக்கு வந்தவை படுக்கையும் துணியும் பாத்திரமும்தான். ஆகவே அவற்றில் பெயர் பொறிப்பதைப் பெண்கள் எவ்வளவு முக்கியமாகக் கருதினார்கள் என்பதை எளிதில் உணரலாம். விரிப்புகளின் ஓரத்தில்கூடச் சிறு குறுக்குத் தையலால் பெயரெழுத்தும் வரிசை எண்ணும் இட்டு வைத்தார்கள்.

இனி, அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். ராட்டை பல வீடுகளில் இருந்தது உண்மை; ஆளி நாரும் ஆட்டு ரோமமும் வீட்டில் நூற்கப்பட்டதும் உண்மை. ஆனால் ராட்டை இருந்த வீடுகளிலேயே தறி இருந்தவை சிலதான். நூற்ற நூலை அக்கம்பக்கத்து நெசவாளரிடம் கொடுத்து நெய்து வாங்கினார்கள். அப்படிக் கிடைத்தது துவாலைக்கும் சாக்குக்கும் உள்சட்டைக்கும் உதவுகிற முரட்டுத் துணி. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற புகையிலைப் பகுதிகளில், குறிப்பாகப் பதினேழாம் நூற்றாண்டில், ராட்டையே அரிது. புகையிலை விளைந்த இடத்தில் உழைப்பு முழுவதும் புகையிலைக்கே போனது. கம்பளி, லினன், பட்டு, பருத்தி, நாடா, குண்டூசி, பொத்தான், காலுறை என்று உடலைத் தொடும் ஏறக்குறைய எல்லாமே இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. குண்டூசிகூட இறக்குமதி என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். பெண்களின் உடையைப் பொத்தானைவிடக் குண்டூசியும் நாடாவுமே இறுக்கிப் பிடித்த காலம் அது.

வாங்கும் முறை பெரும்பாலும் பற்று வரவுதான். நாணயம் எப்போதும் தட்டுப்பாடு. நாட்டுப்புறத்துக் கடைக்காரர் பேரேட்டில் குடும்பத் தலைவரின் பெயரில் ஒரு பக்கம் ஒதுக்கி, இடப்பக்கம் கொடுத்த சரக்கையும், வலப்பக்கம் அவர் செலுத்திய கோதுமை, வெண்ணெய், தோல், புகையிலை ஆகியவற்றையும் எழுதினார். கணக்கு ஆண்டுக்கணக்கில் நிலுவையில் நிற்கும். கடைக்கு வந்து துணியைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது மனைவியோ மகளோ ஆனாலும் பேரேட்டில் கணவரின் பெயரே இருக்கும் என்பதால், பெண்களின் விருப்பம் ஆவணத்தில் மறைந்துகிடக்கிறது. கடைக்காரர் ஓரத்தில் ‘மனைவி வழி’ என்று குறித்த இடங்களில் மட்டும் அது வெளியே தெரிகிறது.

இந்தப் பேரேடுகளில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைப்பது வர்ஜீனியாவின் ஜான் ஹூக் என்ற கடைக்காரரின் கணக்கில் உள்ள ஒரு சிறு பதிவு. சக்கி என்ற, அடிமையாக வைக்கப்பட்டிருந்த பெண் ஒருவர் 1774இல் அந்தக் கடையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் சிறிது நாடாவும் வாங்கினார். விலையாகத் தாம் கொண்டுவந்த பருத்தியைக் கொடுத்தார். சட்டத்தின் பார்வையில் அவரே ஒருவரின் உடைமை. தம் எசமானுக்கு உழைத்து முடித்த பிறகு எஞ்சிய நேரத்தில் விளைத்த பருத்தியைச் சுமந்து வந்து, தம் முகத்தைத் தாமே பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடியையும் தலையிலோ உடையிலோ அணிய ஒரு நாடாவையும் அவர் தேர்ந்தெடுத்தார். அந்தக் காலத்தில் வாங்குதல் என்ற செயல் மனிதர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பதிவை நான் அறியேன்.

செல்வந்தரான புகையிலைத் தோட்டக்காரர்கள் உள்ளூர்க் கடையை விட்டு நேராக லண்டனிலிருந்தே வாங்கினார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் 1759இல் மார்த்தாவை மணந்த பிறகு லண்டனின் ராபர்ட் கேரி நிறுவனத்துக்குப் புகையிலையை அனுப்பி, அது விற்ற பணத்தின் பேரில் துணி, மரச்சாமான், காலணி, மருந்து, விதை, பிள்ளைகளுக்குப் பொம்மை என்று நீண்ட பட்டியல்களை எழுதினார். சரக்கைப் பார்க்காமல் வாங்கும் முறை இது. கேட்டது வந்துசேரப் பல மாதங்கள் ஆகும். வந்தது பொருந்தாவிட்டால் திருப்புவதற்கு வழியில்லை. அலெக்சாந்தர், ஜூலியஸ் சீசர் முதலிய போர்த்தளபதிகளின் மார்பளவுச் சிலைகளை அவர் ஒருமுறை கேட்டார். அவை கிடைக்காததால் தந்தையைத் தோளில் சுமக்கும் புராண வீரன் ஈனியஸ் சிலையும் ரோமானியத் தெய்வங்களின் சிலைகளும் வந்துசேர்ந்தன. 1760இல் அவர் எழுதிய கடிதமொன்றில், நாகரிகமான நல்ல பொருள் கேட்டால் எங்கள் முன்னோர் காலத்தில் புழங்கியிருக்கக்கூடிய சாமான்களை அனுப்புகிறீர்கள் என்று மனம் நொந்து முறையிடுகிறார். 1763இல் தையற்காரருக்கு அனுப்பிய குறிப்பு இன்னும் சுவையானது: நன்கு பொருந்தும் உடை அணிகிற ஒரு கனவானை அளவெடுத்துக்கொள்ளுங்கள், அவர் ஆறடி உயரமும் அதற்கேற்ற உடற்கட்டும் உள்ளவராக, அந்த உயரத்துக்குப் பருமனைவிடச் சற்று மெலிவாக, கைகளும் தொடைகளும் நீண்டவராக இருக்கட்டும் என்பது அதன் சாரம். அளவெடுக்காமல் உடை தைத்து வரவழைத்த ஒரு தலைமுறையின் துன்பம் முழுவதும் அந்த வரிகளில் இருக்கிறது. ஆண்டுதோறும் கணக்கு முடியும்போது புகையிலை விலை குறைந்தும் சரக்கு விலை ஏறியும் இருக்கும். கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். வர்ஜீனியாத் தோட்டக்காரர்கள் லண்டன் வணிக நிறுவனங்களோடு ஒட்டிய ஒருவகைச் சொத்தாகவே ஆகிவிட்டார்கள் என்று தாமஸ் ஜெஃபர்சன் பின்னர் எழுதினார். அவரும் அந்தக் கடனில் சிக்கியவர்தான்.

நகரத்து வீடுகளில் மாற்றம் எப்படிப் படிப்படியாக நுழைந்தது என்பதற்கு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் வரலாற்றில் சொல்லும் நிகழ்ச்சியே போதுமானது. பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திவந்த அவர் காலை உணவாக ரொட்டியும் பாலும் இரண்டு பென்ஸ் விலையுள்ள மண் கிண்ணத்தில், வெள்ளீயக் கரண்டியால் சாப்பிட்டுவந்தார். ஒருநாள் காலை பீங்கான் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் முன்னால் இருந்தன. மனைவி டெபோரா அவரைக் கேளாமலே 23 ஷில்லிங் கொடுத்து வாங்கியிருந்தார். தம் கணவரும் அண்டை வீட்டுக்காரர்களுக்குக் குறைந்தவர் அல்லர் என்பதே அவர் சொன்ன காரணம். பின்னர் செல்வம் பெருகப் பெருக, அந்த வீட்டிலிருந்த பீங்கானும் வெள்ளியும் பல நூறு பவுண்டு மதிப்பை எட்டின. வங்கிகள் இல்லாத அந்தக் காலத்தில் வெள்ளிக் கரண்டி சேமிப்பும்கூட. நாணயங்களைத் தட்டாரிடம் கொடுத்து உருக்கிப் பாத்திரமாக்கிப் பெயரெழுத்துப் பொறித்தால், திருடு போனாலும் அடையாளம் காட்டலாம், தேவையானால் மீண்டும் காசாக்கலாம்.

அதே ஃபிராங்க்ளின் 1758 பிப்ரவரியில் லண்டனிலிருந்து டெபோராவுக்கு எழுதிய கடிதம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அனுப்பும் சரக்குகளை ஒவ்வொன்றாக விவரிக்கும்போது, செப்புத் தகட்டால் அச்சிடும் புதிய முறையில் செய்த பருத்தித் துணி 56 கஜம், படுக்கைக்கும் சன்னலுக்கும் திரை தைக்க என்றும், அதேபோல் அச்சிட்ட நாற்காலி இருக்கைத் துணி ஏழு கஜம் என்றும் எழுதுகிறார். இரண்டையும் ஒரே நிறத்தில் வாங்காதது தவறு என்று தாம் தங்கியிருந்த வீட்டம்மையார் சொல்வதையும் சேர்த்துக்கொள்கிறார். மின்னலை ஆராய்ந்து ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்த ஒருவர், திரைச்சீலையின் நிறத்தைப் பற்றி மனைவிக்குக் கவலையோடு எழுதுவதில் அந்தக் காலத்து வீட்டில் துணிக்கு இருந்த இடம் முழுமையாகத் தெரிகிறது.

அச்சிட்ட பருத்தித் துணி புதுமையாக இருந்ததற்குக் காரணம், இங்கிலாந்தில் அது செய்யப்பட்டதே சோழமண்டலக் கரையின் துணியைப் பின்பற்றித்தான். பழவேற்காடு, சென்னப்பட்டினம், மசூலிப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து போன சீட்டித் துணியில் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் பலமுறை துவைத்தாலும் மங்காமல் நின்றன. நிறம் ஏற வேண்டிய இடத்தில் சாயத்தைப் பிடித்து நிறுத்தும் படிகாரம் இட்டும், ஏறக்கூடாத இடத்தில் மெழுகு பூசியும், எழுதுகோலால் கையாலேயே தீட்டப்பட்ட இத்துணிகளுக்கு ஈடாக ஐரோப்பியச் சாயத்தொழிலால் அன்று எதையும் தர முடியவில்லை. தம் நெசவாளர்கள் நசிவதைக் கண்ட இங்கிலாந்து நாடாளுமன்றம், அச்சிட்டதும் தீட்டியதுமான இந்தியப் பருத்தித் துணிகளை உள்நாட்டில் உடுத்துவதற்கு 1700இல் தடைச்சட்டம் இயற்றியது. 1721இல் அதை இன்னும் இறுக்கியது. ஆனால் லண்டனில் இறக்கி மறுபடி ஏற்றுமதி செய்வதற்குத் தடை இல்லை. அதனால் லண்டன் பெண் சட்டப்படி உடுத்த முடியாத சீட்டியை பாஸ்டன் பெண்ணும் நியூயார்க் பெண்ணும் தாராளமாக உடுத்தினார்கள். செல்வர் வீட்டுக் கட்டிலில் கொடியும் பூவும் கிளைத்தோங்கும் ஒரு பெரிய மரம் தீட்டிய மேல்விரிப்பு விரிக்கப்பட்டது. அது கிழிந்தாலும் எறியப்படவில்லை. நல்ல நிலையில் இருந்த பூக்களையும் பறவைகளையும் கத்தரித்து, வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைத்துப் புதிய மெத்தைப்போர்வை செய்தார்கள். அத்தகைய போர்வைகள் அமெரிக்க அருங்காட்சியகங்கள் பலவற்றில் இன்றும் இருக்கின்றன. கடை விளம்பரங்களில் பழவேற்காட்டின் பெயரைத் தாங்கிய கட்டம்போட்ட கைக்குட்டைகளும் இடம்பெற்றன.

எலைஹு யேல் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். பாஸ்டனில் 1649இல் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்துக்குப் போய், 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த அவர், கனெக்டிகட்டில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த ஒரு கல்லூரிக்கு 1718இல் ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியமும் அனுப்பினார். துணிகளே நிறைந்த அந்தப் பொதிகள் பாஸ்டனில் விற்று 562 பவுண்டுக்கு மேல் ஈட்டின. கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. ஒரு கல்லூரிக்கே துணிப்பொதி கைகொடுத்தது என்பது அந்த நாட்டில் துணிக்கிருந்த விலையைக் காட்டுகிறது. அவருடைய செல்வம் சேர்ந்த வழியில் சென்னைத் துறைமுகத்தின் அடிமை வணிகமும் அடங்கும் என்பதையும் மறைக்கக் கூடாது.

யார் எதை உடுத்தலாம் என்பதில் அதிகாரிகள் தலையிட்டதும் துணியின் மதிப்பால்தான். 200 பவுண்டுக்குக் குறைந்த சொத்துள்ள குடும்பத்தினர் தங்க வெள்ளிச் சரிகை, தங்க வெள்ளிப் பொத்தான், பட்டுத் தலைமூடி ஆகியவற்றை அணியக் கூடாது என்று மாசசூசெட்ஸ் 1651இல் சட்டம் செய்தது. பட்டு அணிந்ததற்காக நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்ட பெண்கள், தம் கணவருக்கு அவ்வளவு சொத்து இருக்கிறது என்று மெய்ப்பித்து வீடு திரும்பினார்கள். அடுத்த தலைமுறைக்குள் இந்தச் சட்டம் செயலற்றுப் போனது. சாவு வீட்டில் வந்தவர்களுக்குக் கையுறை கொடுக்கும் வழக்கம் மட்டும் நீண்டகாலம் நின்றது; ஆண்ட்ரூ எலியட் என்ற பாஸ்டன் பாதிரியார் தம் ஊழியக் காலத்தில் இப்படிப் பெற்ற கையுறைகள் ஏறத்தாழ மூவாயிரம் இணை, அவற்றை அவர் விற்றுப் பணமாக்கினார்.

துணியின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. அடிமைகளாக வைக்கப்பட்டவர்களுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த முரட்டு லினனும் மட்டமான கம்பளியும் ஆண்டுக்கு இவ்வளவு கஜம் என்று அளந்து கொடுக்கப்பட்டன. ஜெஃபர்சனின் பண்ணைக் கணக்கின்படி போர்வை மூன்று ஆண்டுக்கு ஒன்று. இறந்த எசமானின் சொத்துப் பட்டியலில் இவர்கள் பெயரும் வயதும் விலையும், கட்டிலுக்கும் குதிரைக்கும் அருகிலேயே எழுதப்பட்டன. தெற்கத்திய மாளிகையொன்றின் மஹோகனி மேசையைப் பார்த்து வியக்கும் எவரும், அந்த மேசையும் அதைத் துடைத்த மனிதரும் ஒரே தாளில் விலை குறிக்கப்பட்டதை நினைக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இவ்வளவும் இறக்குமதியாக இருந்ததால்தான் வாங்க மறுப்பது அரசியல் ஆயுதமாக முடிந்தது. இங்கிலாந்து நாடாளுமன்றம் 1767இல் கண்ணாடி, ஈயம், வண்ணம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு வரி விதித்ததும், அதே ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் ஊர்க்கூட்டம் இனி வாங்காமல் தவிர்க்க வேண்டியவை என ஒரு பட்டியலை நிறைவேற்றியது. வீட்டுச் சாமான்கள், தொப்பி, கையுறை, காலணி, தைத்த உடை, கடிகாரம், பீங்கான், பட்டு, கஜம் பத்து ஷில்லிங்குக்கு மேற்பட்ட கம்பளி, கடுகு, பாலாடைக்கட்டி, பசை என்று அது நீள்கிறது. அன்றைய நடுத்தர வீடு எவற்றையெல்லாம் வாங்கப் பழகியிருந்தது என்பதை அறிய எந்தச் சொத்துப் பட்டியலும் இதற்கு நிகராகாது. நியூ இங்கிலாந்தில் பெண்கள் பாதிரியார் வீடுகளில் கூடி நூற்றதும், வீட்டுநூல் ஆடை பெருமைக்குரியதாக மாறியதும் இந்த ஆண்டுகளில்தான். நாம் முதலில் பார்த்த ராட்டைச் சித்திரம் இங்கேதான் உருவெடுக்கிறது. அது தேவையிலிருந்து பிறந்த பழக்கத்தைவிட, ஒரு போராட்டம் தேர்ந்தெடுத்துக்கொண்ட அடையாளம். 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலையும் இந்த மறுப்பின் தொடர்ச்சியே. ஆயினும் வாங்கும் ஆசை நின்றுவிடவில்லை: விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்ட 1776 ஜூலை 4 அன்று பிலடெல்பியாவில் ஜெஃபர்சன் தம் கணக்குக் குறிப்பில் எழுதியிருப்பது ஒரு வெப்பமானிக்கு 3 பவுண்டு 15 ஷில்லிங், ஏழு இணைப் பெண்கள் கையுறைக்கு 27 ஷில்லிங். 1789இல் வாஷிங்டன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டு ஆலையில் நெய்த பழுப்புக் கம்பளி உடையை வேண்டுமென்றே அணிந்தார்.

விடுதலைக்குப் பிறகு லண்டன் வழியாக வாங்க வேண்டிய கட்டாயம் போனது. பிலடெல்பியாவிலிருந்து புறப்பட்ட ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற கப்பல் 1784 டிசம்பரில் புதுச்சேரிக்கு வந்து நின்றது. இந்தியாவை அடைந்த முதல் அமெரிக்க வணிகக் கப்பல் அதுவே. அடுத்த முப்பது ஆண்டுகளில் சேலம், பாஸ்டன், பிலடெல்பியா வணிகர்கள் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நேராகப் பருத்தித் துணியை ஏற்றிப்போனார்கள். (இந்தச் சேலம் மாசசூசெட்ஸில் உள்ளது.) முன்பு செல்வர் கட்டிலில் மட்டும் கிடந்த இந்தியத் துணி, மலிவான வெள்ளைத் துணியாகச் சாதாரண வீட்டுக்கும் வந்தது, சென்னைக் கட்டம்போட்ட கைக்குட்டை தெற்கிலும் லூசியானாவிலும் கறுப்பினப் பெண்களின் தலைக்கட்டானது. அதே காலத்தில் மற்றப் பொருள்களும் மலிந்தன. கனெக்டிகட்டில் ஈலை டெரி 1806இல் மரத்தால் ஆன கடிகார இயந்திரங்கள் நாலாயிரம் செய்து தர ஒப்பந்தம் செய்து, ஒரே அளவான பாகங்களை நீர்விசையால் வெட்டி அதை முடித்துக் காட்டினார். ஒருகாலத்தில் செல்வந்தரின் கூடத்தில் மட்டும் ஒலித்த கடிகாரத்தைத் தலைச்சுமை வியாபாரிகள் பண்ணைவீட்டு வாசலில் தவணைக்குக் கொடுத்தார்கள்.

இந்தியத் துணியின் காலம் 1816இல் முடிவுக்கு வந்தது. மாசசூசெட்ஸின் வால்தம் நகரில் ஃபிரான்சிஸ் கபட் லோவலின் நிறுவனம் 1814 முதல் விசைத்தறியில் முரட்டு வெள்ளைத் துணி நெய்துகொண்டிருந்தது. 1816ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் பருத்தித் துணிக்கு 25 விழுக்காடு வரி விதித்ததோடு, எவ்வளவு மலிவான துணியானாலும் சதுர கஜம் 25 சென்ட் விலையுள்ளதாகவே கணக்கிட வேண்டும் என்று வகுத்தது. அதாவது சதுர கஜத்துக்குக் குறைந்தது ஆறேகால் சென்ட் வரி. சில சென்ட் விலைக்கு விற்ற சென்னை, கல்கத்தாத் துணிகளால் இதைத் தாங்க முடியவில்லை. அமெரிக்க ஆலைத் துணி அந்த இடத்தைப் பிடித்தது. துணி மலிந்த பின் எழுதப்பட்ட சொத்துப் பட்டியல்களில் படுக்கை தன் பழைய முதலிடத்தை மெல்ல இழக்கிறது. விரிப்புகளையும் துவாலைகளையும் ஒவ்வொன்றாக எண்ணி விலை போட்ட மதிப்பீட்டாளர்கள், அவற்றை மொத்தமாகச் சேர்த்து ஒரே வரியில் எழுதத் தொடங்குகிறார்கள்.